போ என்று சொன்னவள்

சேந்தன்பட்டினத்துக்கு யவனர் கப்பல் திரும்பி வந்தது ஒரு கார்த்திகை மாதத்துச் செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு. அந்த நேரத்தில் தவமலர், கும்பகோணத்திலிருந்து வேன் பிடித்து வந்திருந்த பதினான்கு பேருக்கு, இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய செங்கல் பண்டகசாலையின் முழங்கால் உயரச் சுவரைக் காட்டி, "இங்கதாங்க யவனருங்க மூட்டைய அடுக்கி வச்சிருந்தாங்க, சுவரத் தொடாதீங்க, கயித்துக்கு இந்தப் பக்கமா நில்லுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வேனில் வந்தவர்களில் ஒருவர், "அது என்னம்மா கப்பல்?" என்று கேட்டார். தவமலர் திரும்பிப் பார்த்தாள். இரண்டாயிரம் வருஷமாக மணல் மூடிக் கிடந்து, அந்த ஐப்பசி வெள்ளத்தில்தான் உடைத்துக்கொண்ட கழிமுகத்தின் வழியே, சதுரப் பாயும் வாத்துக் கழுத்துபோல வளைந்த பின்பக்கமுமாக, அருங்காட்சியகத்துப் பானை ஓட்டில் கீறியிருக்கும் அதே கப்பல் உள்ளே வந்துகொண்டிருந்தது. "அது யவனரோடதுங்க. அடுத்து சாயத்தொட்டி, இப்படி வாங்க" என்றாள்.

ஆறு வருஷமாக அவளுக்கு எல்லாமே அப்படித்தான் இருந்தது. மனசு மரத்துப்போனது என்பார்களே, அது அவளுக்கு வந்த விதத்தை அவளால் கிழமை வைத்துச் சொல்ல முடியும். கணவன் கலியபெருமாள் மஸ்கட்டுக்குக் கிளம்பிப் போனது ஒரு வைகாசி வெள்ளி. எட்டு மாதம் போன் வந்தது. அதற்குப் பிறகு அவன் எண்ணுக்குப் போட்டால், அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் பதமாகச் சொன்னாள். அந்தப் பெண்ணின் குரலை மட்டும் கேட்டுக் கேட்டு, ஒரு நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது, இனிமேல் தனக்கு அழுகை வராது என்று தவமலருக்குத் தெரிந்துவிட்டது. பசித்தது, சாப்பிட்டாள். பண்டகசாலை, சாயத்தொட்டி, உறைகிணறு, சோழர் கோயில், கோயிலின் வடக்குச் சுவர்க் கல்வெட்டு, ஒற்றை அறை அருங்காட்சியகம் என்று தினமும் இரண்டு நடை போய் வந்தாள். வீட்டில் மாமியார் தையல்நாயகி இருந்தாள். ரெண்டு பேரும் நல்லபடியாகத்தான் இருந்தார்கள்.

ஊரில் யார் கேட்டாலும் தவமலர் சொல்வது ஒன்றேதான். "பஸ் ஸ்டாண்டுல போயிட்டு வர்றேன்னு சொன்னாருங்க. போயிட்டு வாங்கன்னு நானும் சொன்னேன்." அதைக் கேட்டவர்களுக்கு மனசு ஆறிவிடும். வர்றேன் என்று அவன் சொல்லி, வாங்க என்று இவளும் சொல்லியாகிவிட்டது, அப்புறம் வராமல் எங்கே போய்விடப் போகிறான் என்பார்கள். சேந்தன்பட்டினத்தில் அது வெறும் மரியாதை இல்லை. பால் வாங்கப் போகிறவனும் அங்கே வர்றேன் என்றுதான் படி இறங்குவான்; தப்பித்தவறிப் போறேன் என்று சொல்லிவிட்டால் பின்னாலேயே ஓடிவந்து வர்றேன்னு சொல்லிட்டுப் போ என்று மறித்து நிற்பார்கள்.

ஆனால் அவள் சொன்னது பொய். விசா எடுத்து, கையெழுத்துப் போட்டு, டிக்கெட்டும் வந்த பிறகு, முந்தின நாள்தான் அவன் அவளிடம் சொன்னான். பஸ் ஸ்டாண்டில் அவன் "வர்றேன்" என்றபோது, கட்டிய நாளிலிருந்து வாங்க போங்க என்றே பேசியிருந்த அவள், ஒருமையில், "எல்லாத்தையும் முடிச்சிட்டுத்தான எனக்குச் சொல்ற. போ" என்றாள். பஸ் கிளம்பிவிட்டது. அந்த ஒரு எழுத்துதான் அவனைத் திரும்பி வரவிடாமல் அடித்துவிட்டது என்று அவள் உறுதியாக நம்பினாள். இது தையல்நாயகிக்குத் தெரிந்தால் அந்த வீட்டில் ஒரு வேளை சோறுகூடத் தனக்கு மிஞ்சாது என்றும் நம்பினாள். அந்தக் கிழவியை விட்டால் அவளுக்கு வேறு யாரும் இல்லை.

கப்பலிலிருந்து பதினோரு பேர் இறங்கினார்கள். இடுப்பளவு தண்ணீரில் முன்னால் வந்த வயசாளி கரையில் நின்ற கூட்டத்தைப் பார்த்து, "சென்று வருதும் என்றனம். வந்தனம்" என்றார். வந்தனம் என்றதும் ஊர் முழுக்கக் கைகூப்பி வந்தனம் என்று திருப்பிச் சொல்லிவிட்டது. பள்ளிக்கூடத்துத் தமிழய்யா மட்டும் தலையில் அடித்துக்கொண்டு, "கும்பிடு போடலைய்யா அவரு. போயிட்டு வர்றோம்னு சொன்னாங்களாம், வந்துட்டாங்களாம்" என்று அர்த்தம் சொன்னார். ஊருக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. வர்றேன் என்று சொன்னவர்கள் வந்திருக்கிறார்கள். கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான். "மொதல்ல ஈரத்துணிய மாத்தச் சொல்லுங்க" என்று டீக்கடை இதயத்துல்லா பாய் பதினோரு கைலி எடுத்துவந்தார்.

அவர்களைப் புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் தங்க வைத்தார்கள். வயசாளியின் பெயர் தியோன். ஊர்க்காதில் அது தீயோன் என்று விழுந்தது. இத்தனை நல்ல மனுஷனைப் போய் வாய்கூசாமல் எப்படி அப்படிக் கூப்பிடுவது என்று தியாகு என்று மாற்றிக்கொண்டார்கள், அவரும் தியாகு என்றால் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டார். முதல் பத்து நாள் அவர் பேசியது, மனப்பாடப் பாட்டில் மார்க் வாங்கியவர்களுக்கு மட்டும் பாதி புரிந்தது. மார்கழி பிறப்பதற்குள் பாய் கடையில் "சர்க்கரை கம்மியா ஒண்ணு போடுங்க" என்கிற அளவுக்குத் தேறிவிட்டார். மற்ற பத்துப் பேருக்கும் புரோட்டா பிடித்திருந்தது. அந்தக் காலத்தில் பொன் கொடுத்து வாங்கிப்போன மிளகு, மளிகைக் கடையில் கண்ணாடித்தாள் பொட்டலத்தில் தொங்குவதைப் பார்த்து ஒருவன் உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு மயக்கம் என்று நினைத்து சோடா உடைத்துக் கொடுத்தார்கள்.

ஊருக்கு வந்த விருந்தாளிக்குப் பழைய இடங்களைச் சுற்றிக்காட்டுவது தவமலரின் வேலை என்பதால், பஞ்சாயத்துத் தலைவர் அவர்களையும் அவளிடமே அனுப்பினார். அவளும் எல்லோருக்கும் சொல்வதைத்தான் சொன்னாள். "இங்கதாங்க யவனருங்க மூட்டைய அடுக்கி வச்சிருந்தாங்க, சுவரத் தொடாதீங்க." தியாகு கயிற்றைத் தூக்கிவிட்டு உள்ளே போய், கிழக்கு மூலையில் கால் நீட்டி உட்கார்ந்து, "இங்கதாம்மா நான் படுத்துக்குவேன். அந்தப் பக்கம் மழை ஒழுகும்" என்றார். தொடக்கூடாது என்று பலகை இருந்தாலும், படுத்திருந்தவர்களைப் பற்றி அதில் ஒன்றும் இல்லாததால் அவள் சும்மா இருந்தாள். அருங்காட்சியகத்தில் 'பயன் அறியப்படாத பொருள்' என்று சீட்டு ஒட்டியிருந்த எலும்புக் குச்சியைப் பார்த்ததும் பதினோரு பேரும் சிரித்தார்கள். அது முதுகு சொறிய வைத்திருந்ததாம். சீட்டு அச்சடித்து வந்துவிட்டதால் அதை மாற்றவில்லை.

சோழர் கோயிலில்தான் அவர்கள் வாயடைத்துப் போனார்கள். அவர்கள் போகும்போது அங்கே நாணல் காடு. ஆயிரம் வருஷத்துக் கோயில் என்று தவமலர் சொன்னால் மற்றவர்கள் எவ்வளவு பழசு என்பார்கள். இவர்கள் எவ்வளவு புதுசு என்று தூணைத் தடவினார்கள். வடக்குச் சுவரில், கடல் கடந்து வணிகம் செய்த கூட்டத்தார் கோயில் விளக்கு எரிய நெய்க்காக ஆடு விட்ட கல்வெட்டை அவள் படித்துக் காட்டினாள். தியாகு, "இவங்களும் போயிட்டாங்களா?" என்று கேட்டார். "போயிட்டாங்க." "வர்றேன்னு சொல்லிட்டா?" "அதெல்லாம் கல்லுல வெட்டலைங்க" என்றாள் அவள். இறங்கி வரும்போது வழக்கம்போல அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. வந்தவர்களைப் பார்த்துப் பொறாமையாவது வந்திருக்கலாம் என்று நினைத்துப் பார்த்தாள், அதுவும் வரவில்லை.

தையல்நாயகிக்கு ஆனால் கப்பல் வந்ததிலிருந்து நடையே மாறிவிட்டது. "ரெண்டாயிரம் வருஷம் ஆனவனே வந்துட்டான், எம்புள்ளைக்கு ஆறு வருஷம் ஒரு கணக்கா" என்று தெருவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். அவனுடைய சட்டைகளை எடுத்து வெயிலில் போட்டாள். தவமலர் அந்தச் சட்டைகளை மடித்து வைத்தாள்.

மாசி மாதம் காற்று திரும்பியது. யவனர்கள் கிளம்பினார்கள். ஊரே கரைக்கு வந்து, கட்டுச்சோறும் மிளகும் கருவாடும் ஏற்றி, பஞ்சாயத்துத் தலைவர் சால்வை போட்டு, எல்லோரும் ஒரே குரலில் "போயிட்டு வாங்க" என்றார்கள். கப்பல் போய்க் கண்ணுக்கு மறைந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் அதே இடத்தில் நின்றது. மணல் தட்டியிருக்கும் என்று ஆட்களைவிட்டு ஆழம் பார்த்து, இன்னொரு நல்ல நாள் குறித்து, மறுபடியும் சால்வை போட்டு, மறுபடியும் போயிட்டு வாங்க என்று அனுப்பினார்கள். விடிந்தால் அங்கேயே நின்றது. மூன்றாவது தடவை கப்பல் திரும்பி வந்தபோது இளையவன் ஒருவன் பாய்மரத்தில் தலையை முட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். தியாகு மட்டும் இறங்கி வந்து, வேறு வேலையின்றி பண்டகசாலை வாசலில் நின்றிருந்த தவமலரின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அன்னிக்கு இந்தக் கரையில நின்னு உங்க ஊரு பொம்பளைங்க சொன்னதும் இதேதாம்மா" என்றார். "போயிட்டு வாங்கன்னு. நாங்களும் ஆசையா, வர்றோம்னு சொல்லிட்டோம். எங்க ஊரு விளக்கு தெரியிற தூரம் வரைக்கும் போவோம். அந்த வாங்கங்கறது முடியப் புடிச்சு இழுக்குற மாதிரி இழுக்கும். இங்க வந்தா தொற மூடிக் கிடக்கும். திரும்பவும் போவோம். நடுவுலயே கிடந்தோம்."

"இத்தன வருஷமுமா?"

"இத்தன வருஷமும். வீட்டுல யாரும் இருக்க மாட்டாங்க, தெரியும். இருந்தாலும் போய்ச் சேரணும்ல. யாராச்சும் எங்களப் போங்கன்னு சொல்லணும். வெறும் போங்க. உங்க ஊருல சொல்லச் சொல்லும்மா."

தவமலர் அதைத் தலைவரிடம் சொன்னாள். அவர் ஊரைக் கூட்டினார். இதென்ன பெரிய விஷயம், ஒரு வார்த்தைதானே என்றுதான் எல்லோரும் கரைக்கு வந்தார்கள். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரிங்கய்யா, நீங்க போ..." என்று ஆரம்பித்து, அவர்கள் முகத்தைப் பார்த்து, "...யிட்டு வாங்க" என்று முடித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். தமிழய்யா சங்கத் தமிழில் சொன்னால் தப்பிக்கலாம் என்று சென்மின் என்று தொடங்கி, "சென்று வருமின்" என்றார். இதயத்துல்லா பாய் மூன்று தடவை முயன்று, மூன்று தடவையும் டீ குடிச்சிட்டுப் போங்க என்றார். குடித்துவிட்டுப் போனால் அது செல்லாது, மறுபடியும் குடிக்க வரவேண்டியிருக்கும் என்று தமிழய்யா தீர்ப்புச் சொல்லிவிட்டார். கடைசியில் தெருவில் யாரோடும் ஒத்துப்போகாத, நாய்கூட ஒதுங்கிப் போகிற பாக்கியத்தைக் கூட்டிவந்தார்கள். அவள் புடவையைச் செருகிக்கொண்டு முன்னால் வந்து, "போங்கடா..." என்று வாயைத் திறந்தவள், அழுதுகொண்டிருந்த இளையவனைப் பார்த்து, "...போகும்போதாவது பாத்துப் பத்திரமாப் போயிட்டு வாங்கடா, பாவிங்களா" என்று மூக்கைச் சிந்தினாள்.

வெயில் ஏறியது. பதினோரு பேரும் கப்பல் ஓரத்தில் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். சொல்லத் தெரிந்த வாய் ஊரில் ஒன்றுகூட இல்லை என்று தலைவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தவமலர் கூட்டத்தின் பின்னால், மாமியாருக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குத் தெரியும். அந்த வார்த்தை தன் வாயில் எப்படி வந்தது, வந்தபோது உதடு எப்படிக் குவிந்தது என்பதெல்லாம்கூட நினைவிருந்தது. பேசாமல் இருந்தால் அவளுக்கு வீடு மிஞ்சும், கிழவி மிஞ்சுவாள், ஊரின் ஆறுதலும் மிஞ்சும். இந்தப் பதினோரு பேரும் நாளைக்கும் அடுத்த வருஷமும் இங்கேயே வந்து நிற்பார்கள். அந்த இளையவனின் முகத்தை அவள் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குடையைத் தையல்நாயகி கையில் கொடுத்தாள். "எனக்கு வரும்" என்றாள்.

"என்ன வரும்?" என்றார் தலைவர்.

"அந்த வார்த்த. நான் ஒருதரம் சொல்லியிருக்கேன்." கூட்டம் திரும்பிப் பார்த்தது. அவள் யாரையும் பார்க்காமல், பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள். "எங்க வீட்டுக்காரரு பஸ்ஸுல ஏறுறப்ப வர்றேன்னாரு. நான் வாங்கன்னு சொல்லல. போன்னு சொன்னேன். ஆறு வருஷமா உங்க எல்லார்கிட்டயும் பொய்தான் சொல்லிட்டிருந்தேன். அத்தேகிட்டயும்."

தையல்நாயகி குடையை மடக்கினாள், அப்புறம் எதற்கு மடக்கினோம் என்று தெரியாமல் மறுபடியும் விரித்தாள். தவமலர் தண்ணீர் வரைக்கும் நடந்து போனாள். அலை கணுக்காலை நனைத்தது. எந்த ஊர் ஆட்கள், எந்தக் காலத்து மனுஷர்கள், ஆனாலும் மூன்று மாதம் தன் பின்னாலேயே வந்து, சுவரைத் தொடாதீங்க என்றதற்கெல்லாம் தலையாட்டியவர்கள். அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பஸ் ஸ்டாண்டில் அதை எரிச்சலில் சொன்னாள், அப்போது அது சுலபமாக இருந்தது. இப்போது கோபம் இல்லை, வேறு எதுவும் இல்லை, வார்த்தை மட்டும்தான் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வருவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"போங்க" என்றாள்.

அது போதாதோ என்று அவளுக்குத் தோன்றியது. "போங்க. திரும்பி வர வேணாம். நாங்க யாரும் எதிர்பாக்க மாட்டோம். வீட்டுக்குப் போங்க."

தியாகு கையைத் தூக்கினார். வர்றேன் என்று சொல்லப் பழகிய வாய் திறந்தது. பக்கத்தில் நின்றவன் அதைப் பொத்தினான். பாய்மரத்தில் பாய் புடைத்தது. கப்பல் கழிமுகத்தைத் தாண்டி, மீன்பிடிப் படகுகளைத் தாண்டி, ஒரு தடவைகூட மெதுவாகாமல் போயிற்று. ஊர் நின்று பார்த்தது. அது மறைந்த பிறகும், திரும்பி வருகிறதா என்று உச்சிவெயில் சாயும்வரை பார்த்தார்கள். வரவில்லை. பாக்கியம்தான் முதலில், "போய்ச் சேந்துருவாங்க" என்றாள்.

தவமலர் திரும்பியபோது தையல்நாயகி அலை ஓரத்துக்கே வந்து நின்றிருந்தாள். அடிப்பாள் என்று தவமலர் நினைத்தாள், அடித்தாலும் சரி என்றும் நினைத்தாள். கிழவி குடையை அவள் தலைக்கு மேலே பிடித்தாள்.

"நீ சொன்னதால இல்லடி" என்றாள்.

"இல்லத்தே, நாந்தான்..."

"நான் சொல்றதக் கேளு. அன்னிக்குக் காலையில நீ அவனோட பையத் தூக்கிக்கிட்டு முன்னால போயிட்ட. அவன் வாசல்ல செருப்ப மாட்டிக்கிட்டு, போறேம்மான்னான். வர்றேன்னு சொல்லுடான்னேன். குனிஞ்சே இருந்தான். மறுபடியும் சொன்னேன், கையெடுத்துக் கும்பிட்டுக்கூடச் சொன்னேன். நிமிந்து என் மொகத்தப் பாத்து, போறேம்மான்னுதான் சொன்னான். வேணும்னேதான் சொன்னான்." கிழவி குடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "அப்பவே எனக்குத் தெரியும்டி. உங்கிட்டதான் சொல்லல."

"ஏன் சொல்லல?"

"அவன் வரமாட்டான்னு தெரிஞ்சா, நீயும் போறேன்னு சொல்லிட்டுக் கிளம்பிடுவியோன்னுதான். உன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா?"

தவமலர் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு நெஞ்சில் கை வைத்தாள், பிறகு வயிற்றில், எந்த இடம் என்று தேடுகிறவளைப் போல.

"வலிக்குது அத்தே" என்றாள்.

"எங்கடி?"

"தெரியல. வலிக்குது."

அவள் அப்படியே மணலில் உட்கார்ந்து, வாய்விட்டு, ஊருக்கே கேட்கும்படி அழுதாள். தையல்நாயகி அவள் தலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். இதயத்துல்லா பாய்க்குக் கடை திறக்க வேண்டியிருந்தது, தமிழய்யாவுக்கு மத்தியானப் பாடம் இருந்தது, பாக்கியம் அடுப்பில் குழம்பு வைத்துவிட்டு வந்திருந்தாள். ஒவ்வொருவராகப் பக்கத்தில் வந்து, வர்றோம் மலரு என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல், அங்கேயே அவளைச் சுற்றி மணலில் உட்கார்ந்துகொண்டார்கள்.